இருபத்துநாலாவது ரோலர்

— அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க சம்பந்தி. எண்ணெய் தெறிச்சா உங்க வெள்ளைச் சட்டைக்கு நான் பதில் சொல்லணும்.

— சட்டை கிடக்கட்டும் சம்பந்தியம்மா. நான் சொல்றதைக் கேளுங்க. என் பழைய மோட்டார் சைக்கிள் உங்க வாசல்ல வந்து நின்னுபோச்சு, அது என் தலையெழுத்து. ஒரு வேனைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போயிடறேன். கிளட்சைக் கழட்டறதுக்குன்னு முறையான சாமான்கள் இருக்கு. அது இல்லாம கை வைக்கக்கூடாது.

— அந்தச் சாமான் உங்க பக்கத்து மெக்கானிக்கிட்ட இருக்கா?

— இல்லை. இந்தப் பழைய வண்டிக்கெல்லாம் வெளியில இருந்து வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்னான்.

— அப்ப மூணு மாசத்துக்கு முன்னாடி என் பொண்ணு உங்க வீட்டு வாசல்ல இதே கிளட்சைக் கழட்டி மாட்டினாளே, அவ எதை வச்சுக் கழட்டினா?

— அதுதானே எல்லா வம்புக்கும் ஆரம்பம். தெருவே கூடி வேடிக்கை பார்த்துச்சு. உன் பொண்டாட்டி மெக்கானிக்கு, நீ ஹெல்ப்பரான்னு பையனைக் கேலி பண்ணினாங்க. ஒரு வார்த்தைக்கு ஒம்பது வார்த்தை ஆச்சு. ரெண்டு மாசமா அவ இங்க, அவன் அங்க. அவ போன கொஞ்ச நாள்லயே வண்டி கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. முறையில்லாம கழட்டினா இப்படித்தான் ஆகும்னு பையன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

— சரி, திறந்து பார்த்துடுவோம். என் பொண்ணு கெடுத்திருந்தா நானே அவளைக் கூட்டிக்கிட்டு வந்து மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிறேன். கெடுக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?

— நான் இன்னிக்கு வந்ததே வேற ஒரு விஷயமா. மருமக வந்துடட்டும், பேசிக்கலாம்.

— அவ ஷிஃப்ட் முடிஞ்சு நாலு மணிக்குத்தான் வருவா. இப்ப மணி பத்தரை. அதுவரைக்கும் நீங்களும் நானும் சுவத்தையா பார்த்துக்கிட்டு உக்கார்றது? அந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சு ஒரு துண்டு கொடுங்க.

— இந்தாங்க. இதுல என்ன வரையறீங்க?

— மூடியோட உருவம். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில இருந்து வந்துச்சோ அதே இடத்துல அட்டையில குத்தி வச்சுடுவேன். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. மாறிப் போச்சுன்னா உள்ள குத்தும்.

— அட. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். இப்படி ஒரு ஃபைலை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

— நான் தையல் ஆலையில முன்னூறு மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவ. ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சா ஒரு வரிசையே நிக்கும். சூப்பர்வைசர் வாயில விழறதுக்குப் பதிலா அட்டையில குத்தறது மேல். மூடி வருது, தட்டைக் கீழ நகர்த்துங்க. கடைசி எண்ணெய் கொட்டும்.

— கருப்பா இருக்கு. நடுவுல மினுமினுன்னு என்ன அது?

— இரும்புத் தூள். உள்ள எதுவோ எதையோ தின்னுருக்கு. என்ன தின்னுச்சுன்னு இனிமேதான் தெரியும். பாருங்க, நாலு ஸ்பிரிங், நாலு நட்டு. நட்டுல ரெண்டு பக்கமும் வெட்டு இருக்கு, நடுவுல போல்ட் நீட்டிக்கிட்டு நிக்குது. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வச்சா உக்காராது.

— நான்தான் அப்பவே சொன்னேனே. இதுக்குத்தான் தனிச் சாமான் வேணும்கிறது.

— இந்தப் பழைய ஸ்க்ரூ டிரைவர் இருக்குல்ல, இதோட மூக்குல நடுவுல ஒரு பள்ளம் அராவிட்டா ரெண்டு பல்லு கிடைச்சுடும். அஞ்சு நிமிஷம் பொறுங்க. அரம் போடற சத்தம் காதைக் கூசும்.

— கூசட்டும். ஆனா கை அப்படியே நேர்கோட்டுல போயிட்டு வருதே. நான் ஒரு பென்சிலைச் சீவினாலே கோணலாப் போகும்.

— ஆச்சு. வச்சுப் பார்க்கிறேன். உக்காந்துச்சா?

— அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துடுச்சு. பத்து நாள் காத்திருன்னானே அந்த மெக்கானிக், அவனைக் கூட்டிக்கிட்டு வந்து இங்க நிறுத்தணும்.

— அவரைக் குறை சொல்லாதீங்க. அவருக்குப் பத்து வண்டி நிக்கும், அராவ நேரம் இருக்காது. எனக்கு இன்னிக்கு லீவு. ஸ்பிரிங்கை வரிசையா வைங்க. இப்ப சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைச்சுத் தூண்டில் மாதிரி விட்டா கிளட்ச் பிளேட்டு ஒண்ணொண்ணா வரும். வர்ற வரிசையிலயே இந்தக் குச்சியில கோத்துக்கிட்டே வாங்க. மாத்திடாதீங்க.

— மாத்தமாட்டேன். வரிசைன்னா எனக்கு உயிர். ஆமா, இந்த ஓரத்துல சிவப்பா என்னவோ இருக்கு. ரத்தமா?

— நகப் பாலிஷ் சம்பந்தி. பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாகத்துக்கும் குறுக்க ஒரு கோடு போட்டுட்டா திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேரணும். எண்ணெய்ல லேசுல அழியாது. எங்க ஆலைப் பழக்கம். என் பொண்ணு போட்டதுதான். பாருங்க, எவ்வளவு மெல்லிசா இழுத்திருக்கா. எனக்குக்கூட இவ்வளவு சுத்தமா வராது.

— ஆனா இங்க கோடும் கோடும் சேரலையே. ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு ரெண்டு பல்லு தள்ளி இருக்கு.

— உங்களுக்குக் கண்ணு நல்லாயிருக்கு. நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

— அப்ப அவ மாத்தி மாட்டியிருக்கா. நான் சொன்னேன்ல.

— அவசரப்படாதீங்க. பிளேட்டு எல்லாம் நல்லாயிருக்கு, ஒண்ணும் கருகலை. இப்ப நடு நட்டு. இதுதான் ராஜா. இது அசையாம இருக்கணும்னா வண்டியை டாப் கியர்ல போட்டு, ஒருத்தர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கணும். சக்கரம் நின்னா கியர் நிக்கும், கியர் நின்னா இது நிக்கும். அப்புறம் ஸ்பேனர்ல ஒரே இழுப்பு. நீங்க வண்டியில ஏறி உக்காருங்க.

— நானா? பிரேக்குக்குத் தனியா ஒரு கருவி...

— நீங்கதான் கருவி. ஏறுங்க. நல்லா மிதிங்க. இன்னும். நான் மூணு எண்ணுவேன், காலை எடுத்துடக்கூடாது. ஒண்ணு. ரெண்டு.

— மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மூணு சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

— இறங்குங்க சம்பந்தி. ஸ்பேனரே வேணாம். விரல்லயே சுத்திக்கிட்டு வருது.

— ராஜான்னு சொன்னீங்க.

— ராஜாவைக் கட்டிப் போடாம விட்டிருக்காங்க. இதுக்கு அடியில ஒரு லாக் வாஷர் இருக்கு பாருங்க. நட்டை முறுக்கினதும் அதோட காதை மடிச்சு விடணும். மடிச்சா நட்டு ஆயுசுக்கும் நகராது. இங்க காது விறைப்பா நிக்குது. மடிக்கவேயில்லை. நட்டு தளர்ந்து, கிளட்சு மொத்தமும் ஆடி, செயின் பக்கச் சுவத்தைத் தின்னுருக்கு. அந்த மினுமினுப்பு இதுதான்.

— அவசரத்துல மருமக மறந்திருப்பா.

— என் பொண்ணு லாக் வாஷரை மடிக்காம ஒரு மூடியை மூடமாட்டா.

— அம்மா சொல்ற சாட்சி செல்லாது சம்பந்தியம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— நியாயம்தான். அம்மா சாட்சி வேணாம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இங்க வாங்க. இந்த நட்டோட மூலையில என்ன தெரியுது?

— வெட்டுக்காயம் மாதிரி இருக்கு. மூணு நாலு இடத்துல.

— ஸ்பேனர் கிடைக்காத ஆளு உளியை வச்சுச் சுத்தியலால அடிச்சு நட்டைத் திருப்பின தழும்பு. இப்ப நட்டு மேல அவ போட்ட சிவப்புக் கோட்டைப் பாருங்க. உளித் தழும்பு கோட்டுக்கு மேல இருக்கா, கோடு தழும்புக்கு மேல இருக்கா?

— இருங்க, வெளிச்சத்துல காட்டுங்க. கோடு நடுவுல வெட்டுப்பட்டு இருக்கு. தழும்புக்குள்ள சிவப்பே இல்ல, வெள்ளையாப் பளபளக்குது.

— அப்ப எது முதல்ல, எது பின்னால?

— கோடு முதல்ல. உளி பின்னால.

— நீங்களே சொல்லிட்டீங்க. அவ மூடினதுக்கு அப்புறம் வேற யாரோ திறந்திருக்காங்க. வண்டியை வேற யார்கிட்டயாவது விட்டீங்களா?

— விடலை. வீட்டு ஆளுங்களைத் தவிர யாரும் தொடவேயில்லை.

— சம்பந்தி, உக்காருங்க. முகம் ஏன் வாடிப் போச்சு?

— அவ போன மறு வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் என் சம்சாரமும் ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்தோம். வண்டி பின்கட்டுல நின்னுச்சு. பையன் கட்டை விரல்ல துணி சுத்தியிருந்தான். என்னடான்னு கேட்டேன். கதவு இடுக்கிடுச்சுன்னான். அதுக்கு அப்புறம்தான் சத்தம் ஆரம்பிச்சுது. நான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

— தண்ணி குடிங்க. இன்னும் வேலை இருக்கு.

— எனக்கு வெக்கமா இருக்குங்க. பழியைத் தூக்கி அந்தப் பிள்ளை தலையில போட்டோம்.

— போட்டதை இறக்கிக்கலாம். இப்ப எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டை, அதான் இந்தச் சின்னப் பல்சக்கரத்தை, கழட்டணும். இந்தச் செயினுக்கு நடுவுல பிரிக்கிற கொண்டி கிடையாது. அதனால சின்னச் சக்கரமும் கிளட்சும் ஒண்ணாத்தான் வெளிய வரும். ஒண்ணை மட்டும் இழுத்தா வராது.

— இதோட நட்டைத் திருப்பினா எஞ்சினும் சேர்ந்து சுத்துமே. இப்ப பிரேக்கை மிதிச்சாலும் பிரயோஜனம் இல்ல, பிளேட்டு எல்லாம் குச்சியிலதான் இருக்கு.

— அடேங்கப்பா. ரெண்டு மணி நேரத்துல மெக்கானிக் ஆயிட்டீங்க. தையல் மெஷின் தோல் பெல்ட்டு ஒரு துண்டு இருக்கு. அதை மடிச்சு, செயின் பல்லுல ஏறுற இடத்துல வைக்கிறேன். சக்கரம் அதைக் கடிச்சுக்கிட்டு நின்னுடும். தோலுங்கிறதால பல்லுக்கும் வலிக்காது.

— நின்னுடுச்சு. அடக்கமா நின்னுடுச்சு. நட்டும் வந்துடுச்சு. ஆனா சக்கரம் வரலையே.

— அது சும்மா வராது. அடியில பெருத்து நுனியில சிறுத்த தண்டுல இறுக்கமா உக்காந்திருக்கு. இதுக்குத்தான் புல்லர்னு இழுத்துக் கழட்டற சாமான் ஒண்ணு இருக்கு. நம்மகிட்ட இருக்கறது ரெண்டு டயர் லீவரு, ஒரு கெட்டில் வெந்நீர். முதல்ல நட்டைத் திரும்ப ரெண்டு சுத்து மாட்டி வைக்கிறேன். இல்லைன்னா சக்கரம் கிளம்பற வேகத்துல உங்க நெத்தியில வந்து உக்காரும்.

— அதையும் யோசிச்சு வச்சிருக்கீங்க.

— ஒரு தடவை என் நெத்தியில உக்காந்துச்சு, வேற மெஷின்ல. அதான் யோசனை. அந்தப் பழந்துணியைச் சக்கரத்து மேல போடுங்க. வெந்நீரை நிதானமா ஊத்துங்க. சக்கரம் சூட்டுல மலரணும், தண்டுக்குச் சூடு போறதுக்குள்ள நாம முந்திக்கணும். லீவருக்கு அடியில இந்த மரத்துண்டை வைங்க. எஞ்சின் கேஸ் அலுமினியம், லீவரு பட்டா பள்ளமாயிடும். ஏற்கனவே ரெண்டு பள்ளம் இருக்கு பாருங்க.

— அதுவும் அவன் வேலையா?

— மரத்துண்டு வைக்கத் தெரியலை, பாவம். இப்ப நீங்க ஒரு லீவரு, நான் ஒரு லீவரு. ஒரே அளவு அழுத்தணும். நீங்க கூடவும் வேணாம், நான் குறையவும் வேணாம். நான் நட்டு மேல ஒரு தட்டு தட்டுவேன்.

— சரி. இவ்வளவு அழுத்தம் போதுமா?

— இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.

— டப்புன்னு என்னமோ ஆச்சே. உடைஞ்சுபோச்சா?

— வந்துடுச்சு சம்பந்தி.

— நிஜமாவா? ஒரு கீறல் இல்லாமயா? இத்தனை வருஷம் இந்த வண்டியை ஓட்டியிருக்கேன், இதுக்குள்ள இப்படி ஒரு உலகம் இருக்குன்னு தெரியாது. சம்பந்தியம்மா, முகஸ்துதி பண்றது என் பழக்கம் இல்ல. உங்க கையைப் பார்த்தா கும்பிடணும்போல இருக்கு.

— அப்புறம் கும்பிடலாம். இப்ப ரெண்டு கையையும் கிளட்சுக்குக் கீழ ஏந்திப் பிடிங்க. உள்ள சின்னச் சின்ன இரும்பு உருளையா ரோலர் இருக்கும், மொத்தம் இருபத்துநாலு. கிளட்சு வெளிய வரும்போது பொலபொலன்னு கொட்டும். ஒண்ணு ஓடினாலும் போச்சு.

— ஏந்திட்டேன். வருது, வருது. எல்லாம் உள்ளங்கையில வந்துடுச்சு. ஒண்ணும் ஓடலை.

— எண்ணுங்க.

— இருபத்திரண்டு, இருபத்துமூணு, இருபத்துநாலு. கணக்கு சரி. ஆனா இது ஒண்ணு மட்டும் வேற நிறமா இருக்கு. மங்கலா.

— கொடுங்க பார்ப்போம்.

— ஏன் சிரிக்கிறீங்க?

— இது ரோலரே இல்ல சம்பந்தி. ஆணி. கதவு நிலைக்கு அடிக்கிற பெரிய ஆணி. தலையை வெட்டி, கூர்முனையை வெட்டி, அதே நீளத்துக்கு அராவி உள்ள போட்டிருக்கார் உங்க பையன். ஒரு ரோலர் ஓடிப் போயிருக்கும். தேடியிருப்பார், கிடைச்சிருக்காது.

— மூளைகெட்டவன். ஆணியைப் போய் யாராவது எஞ்சினுக்குள்ள போடுவாங்களா?

— திட்டாதீங்க. விரல்ல உருட்டிப் பாருங்க. ரெண்டு முனையும் எவ்வளவு வழவழப்பா தேய்ச்சிருக்கார். இதுக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கட்டை விரல் வேற கிழிஞ்சிருக்கு. என் ஆலையில புதுசா வர்ற பத்துப் பேர்ல ஒருத்தனுக்கு இந்தப் பொறுமை இருக்காது. மாப்பிள்ளைக்குக் கை இருக்கு சம்பந்தி. தொலைச்சுட்டேன்னு சொல்ற வாய்தான் இல்ல.

— நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை எதுக்குத் திறந்தான்? அதுதான் எனக்குப் புரியலை.

— எனக்குப் புரியுது. அவ கை பட்ட இடத்தை எல்லாம் ஒருதரம் தொட்டுப் பார்த்திருக்கார். அவளால எப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்திருக்கும். கேக்கறதுக்கு அவ பக்கத்துல இல்ல. போன் பண்ணிக் கேக்கறதுக்கு ரோஷம் விடலை.

— நான் ஒண்ணு சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டு உங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்க முடியலை. அன்னிக்கு அவ வாசல்ல உக்காந்து கழட்டும்போது நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். உள்ளுக்குள்ள ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆனா வாய், இதெல்லாம் பொம்பளைங்க பார்க்கிற வேலையான்னு சொல்லிடுச்சு. கொஞ்சம் சத்தமாவே.

— அவ காதுல விழுந்துச்சு. வந்த அன்னிக்கே சொன்னா. ஊர்க்காரங்க சிரிச்சதுகூடப் பரவாயில்ல, மாமா நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு நினைச்சேன்னு சொல்லி அழுதா.

— என்னை மாமான்னா சொன்னா? கோபத்துலகூட?

— வேற எப்படிச் சொல்வா? சரி, எழுந்திருங்க. அழறதுக்கு இது நேரம் இல்ல, மணி மூணாகப் போகுது. ஆணியை நீங்க பையில போட்டுக்குங்க. எங்க மெஷின் பேரிங்ல இதே அளவு ரோலர் வரும், டப்பாவுல ஒண்ணு இருக்கு. அளந்துட்டேன், மயிரிழைகூட வித்தியாசம் இல்ல. கிரீஸைத் தடவி ஒட்ட வச்சா கொட்டாது.

— நான் வைக்கிறேனே. ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுங்க.

— வைங்க. அப்படித்தான். இப்ப ரெண்டு சக்கரமும் செயினோட ஒண்ணா உள்ள போகணும். அந்தப் பக்கம் பிடிங்க. கோடும் கோடும் சேருதா?

— சேர்ந்துடுச்சு. நடு நட்டை நல்லா முறுக்குங்க, நான் பிரேக்கை மிதிச்சுக்கிறேன். சொல்லாமயே ஏறிட்டேன் பாருங்க.

— முறுக்கியாச்சு. பழைய லாக் வாஷர் விரிசல் விட்டிருந்துச்சு, தகரத்துல புதுசு வெட்டிப் போட்டிருக்கேன். சுத்தியலைப் பிடிங்க. இந்தக் காதை நீங்களே மடிச்சு விடுங்க.

— நானா? சரி. மடிஞ்சுதா?

— மடிஞ்சுது. இனி ராஜா நகரமாட்டார். பிளேட்டு, ஸ்பிரிங் எல்லாம் உங்க வரிசைப்படியே போகுது. ஆமா சம்பந்தி, காலையில இருந்து கேக்கணும்னு இருக்கேன். அவளைக் கூட்டிக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க? என்னமோ விஷயம்னீங்க, வாயே திறக்கலை.

— முதல்ல மூடியை மூடிடுவோம். மூடிட்டுச் சொல்றேன்.

— மூடறதுல ஒரு சிக்கல். நடுவுல போடற பேக்கிங் பேப்பர் கழட்டும்போதே கிழிஞ்சுபோச்சு. அது இல்லாம மூடினா எண்ணெய் ஒழுகும். அட்டை தடிமனா இருக்கு, செய்தித்தாள் மெலிசு. கெட்டித் தாள் ஒண்ணு வேணும். வீட்டுல இருக்கற மாதிரி தெரியலை.

— எவ்வளவு கெட்டி?

— ஒரு ஓரத்தைப் பிடிச்சா தொங்காம நிக்கணும்.

— இருங்க. என் பையில இருக்கு. இது ஆகுமா பாருங்க.

— அருமையான தாளு. ஒண்ணு நீளம் பத்தாது, ரெண்டு தாளை நடுவுல கோத்துக்கிட்டா ஆச்சு. கேஸ் விளிம்பு மேல வச்சுச் சுத்தியலால லேசாத் தட்டிக்கிட்டே போனா அந்த விளிம்பே கத்தி மாதிரி வெட்டிடும். பாருங்க, ஒரு பக்கம் முடிஞ்சுது.

— என்ன நறுக்கா விழுது. தட்டுங்க, தட்டுங்க.

— அடுத்த தாளைத் திருப்பி வைக்கிறேன். சம்பந்தி, இதுல என்னமோ டைப் அடிச்சிருக்கே. முத்திரை எல்லாம் இருக்கு. கீழ கோடு போட்டு என் பொண்ணு பேரு இருக்கு.

— அவ கையெழுத்துப் போடறதுக்கு விட்ட இடம் அது. ரெண்டு பேரும் பிரிஞ்சுக்க சம்மதம்னு வக்கீல் அடிச்சது, வாங்கிட்டு வான்னு பையன் என்னை அனுப்பினான். கையை நிறுத்தாதீங்க சம்பந்தியம்மா, சரியா அந்த இடத்துலதான் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வருது, நல்லாத் தட்டுங்க.